யாருக்கும் வேண்டாத இருபத்தாறாம் நம்பர்

பிள்ளைகளிடம் போய், "உனக்குக் கவலையா?" என்று கேட்பதற்கென்றே ஒரு உத்தியோகம் இந்த உலகத்தில் இருக்கிறது, நான்கு வருடமாக அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உத்தியோகத்தின் பெயர் தகவல் சேகரிப்பாளர். அதற்கு முன்னர் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவள். ஒரு கட்டத்துக்குள் எழுத வேண்டியதை அடுத்த கட்டத்துக்குள் எழுதினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்தக் குணத்தைப் பார்த்துத்தான் டொக்டர் என்னை இந்த வேலைக்கு எடுத்தார். மனச்சோர்வு எந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருகிறது என்று பார்ப்பது அவருடைய ஆய்வு. சின்னதுகளுக்கா வளர்ந்ததுகளுக்கா, பெட்டைகளுக்கா பொடியன்களுக்கா, கடற்கரைக்கா தோட்டக்காணிக்கா, தாய் தகப்பன் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்கா வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கா என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. நானும் யூட்டும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வினாக்கொத்தை நிரப்பி வாங்கிவர வேண்டும். யூட் குருநகர்ப் பொடியன். என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவதும் அவன்தான், வந்த தகவலைக் கணினியில் ஏற்றுவதும் அவன்தான். குடிசன மதிப்புக்குப் போனவர்கள், டெங்குக்குப் போனவர்கள், வாக்காளர் இடாப்போடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் எல்லோருக்கும் என்னுடைய பாடு சொல்லாமலே விளங்கும்.

வினாக்கொத்தின் கடைசிக் கேள்வி மட்டும் கொஞ்சம் வேறு. "நான் இல்லாமல் போனால் நல்லது என்று நினைத்ததுண்டா?" என்று கேட்கும். எதிரே நான்கு கட்டங்கள். அதில் "அநேகமாக ஒவ்வொரு நாளும்" என்ற கட்டத்தில் சரி விழுந்திருந்தால், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகமுன் டொக்டர் அதனோடு கதைத்தாக வேண்டும். படிவத்தில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் எந்தப் பிள்ளை என்ற பட்டியல், படிவங்கள் வாங்கி முடிந்ததும், ஒட்டிய கடித உறைக்குள் போய்விடும். அப்படி ஒரு சரி விழுந்தால் மட்டும் உறையை உடைக்கலாம். இதெல்லாம் பிள்ளைகளுக்கும் முதலே சொல்லிவிடுவோம்.

அப்படி ஒழுங்காக உறையை உடைத்தும், ஒரு பிள்ளையை நான் தவறவிடப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கச்சேரிப் பழக்கம், முதலாம் பக்கத்திலிருந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும்.

சரியான விடை

தெல்லிப்பழைக்கு உள்ளே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடம். தரம் ஆறு. படிவங்களைக் கொடுத்து முடிக்கவில்லை, முன் வரிசை வாங்கில் இருந்த பெட்டை கையைத் தூக்கி, "மிஸ், இதுக்கு எத்தினை மணித்தியாலம்?" என்றாள். அடுத்தவள், "மார்க்ஸ் எவ்வளவு?" என்றாள். மூன்றாவது ஒருவன் எழும்பி நின்று, இது ரியூசனில் இன்னும் படிப்பிக்கவில்லை என்று முறைப்பாடு வைத்தான். இதற்கு மார்க்ஸ் இல்லை, சரி பிழை இல்லை, உங்கள் மனதில் உள்ளதைப் போடுங்கள் என்றேன். வகுப்பே ஏமாந்துபோனது. பிறகு எல்லாத் தலையும் ஒரே பக்கம் சாய்ந்தது. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை என்ன போடுகிறான் என்று பார்க்கிறார்கள்.

கவலையைக்கூடப் பார்த்தெழுதப் பார்க்கிறார்களே என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நடுவில் போய் மறைத்துக்கொண்டு நின்றேன். அந்த முதலாம் பிள்ளையோ ஒன்றும் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "கடந்த இரண்டு கிழமையாகக் கவலையாக இருந்தாயா?" என்ற கேள்வியில் பேனையை வைத்துக்கொண்டு, போன முறை இதற்கு என்ன விடை வந்தது என்று கேட்டான். எனக்குத் தெரியாது தம்பி என்றேன். உடனே அவன் கேட்டான்: "உங்களுக்கே சரியான விடை தெரியாதெண்டால், பிறகு ஏன் மிஸ் எங்களைக் கேக்கிறீங்கள்?"

அதிபரின் ஆயத்தம்

இன்னொரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். அதிபர் வாசலுக்கே வந்து வரவேற்று, குளிர்பானம் தந்து, விசிறியை என் பக்கம் திருப்பி வைத்து, பிறகுதான் விசயம் என்னவென்று கேட்டார். மனச்சோர்வு என்றதும் முகம் மாறியது. இங்கே எல்லாம் நல்ல பெறுபேறு எடுக்கிற பிள்ளைகள், அந்த மாதிரி ஒன்றும் கிடையாது என்றார். இருக்கிறதோ இல்லையோ, இல்லை என்று எழுதிக்கொண்டு போகவும் படிவம் வேண்டும் என்று சொல்லி ஒருமாதிரிச் சம்மதிக்க வைத்தேன்.

மனுசன் கெட்டவர் அல்ல. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற உபசரிப்புக்காரர். நாங்கள் புறப்படும்போது மோட்டார் சைக்கிள்வரை வந்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "ஒரு கிழமைக்கு முதல் சொல்லியிருந்தீங்களெண்டால், நான் உங்களுக்கு ஐஞ்சாறு பிள்ளையளை ஆயத்தப்படுத்தி வைச்சிருப்பன்."

கிழமை தெரிந்த வயிறு

தரம் நாலுப் பிள்ளைகளுக்கு வினாக்கொத்தை வாசித்துக் காட்ட வேண்டும். சிரித்த முகம், சும்மா முகம், அழுத முகம் என்று மூன்று படம் இருக்கும், அதில் விரலை வைப்பார்கள். அந்த வயதில் பொடியனுக்கும் பெட்டைக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. இரண்டும் ஒரே மாதிரிச் சிரிக்கும், அழும், மூக்கைத் துடைத்துவிட்டு அடுத்த கேள்வி என்ன என்று கேட்கும். இது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரைக்கும்தான் என்பார் டொக்டர். அதற்குப் பிறகு பெட்டைகளின் பக்கம் பாரம் ஏறுமாம். பொடியன்களின் பக்கம் கதவு பூட்டுமாம்.

"வருத்தம் ஒன்றும் இல்லாமல் வயிற்றுக்குத்து வருகிறதா?" என்று ஒரு கேள்வி. கொடிகாமத்துப் பக்கத்துப் பொடியன் ஒருவன் உடனே ஓம் என்றான். எப்போது வரும் என்றேன். திங்கள், வியாழன், சனி என்று பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். துருவித் துருவிக் கேட்டதில், தாய் வெளிநாட்டில் வேலை. தகப்பன் அந்த மூன்று நாளும் மரக்கறி கட்டிக்கொண்டு இவன் எழும்ப முதலே சந்தைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் தானாகவே சப்பாத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வருவான், சனியில் பள்ளிக்கூடமும் இல்லை, வீட்டில் தனியேதான். ஞாயிற்றுக்கிழமை குத்தாதோ என்று கேட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை, டொக்டர்மார் சுற்றிவளைத்துக் கண்டுபிடிப்பதை அப்படியே கையில் எடுத்துத் தந்தான்: "குத்தாது மிஸ், என்ரை வயித்துக்குக் கிழமை தெரியும்."

ஒன்றாக வாழ்தல்

படிவத்தின் முதல் பக்கம் முழுக்க விபரம். வயது, சமயம், தகப்பனின் தொழில் என்று போகும். அதில் "தந்தை உன்னோடு வாழ்கிறாரா?" என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். தரம் ஏழில் ஒரு பெட்டை அந்த இடத்திலேயே கால்மணித்தியாலம் நின்றுவிட்டாள். தகப்பன் சுவிசுக்குப் போய் ஆறு வருடமாம். ஆனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீடியோவில் வந்து கணக்குக் கொப்பி பார்ப்பாராம். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடுவார்களாம். நேற்றுக்கூட, ஏன் கறியைத் தொடவில்லை என்று அங்கேயிருந்து ஏசினாராம்.

"இல்லை" என்று போடு பிள்ளை என்றேன், நான் கட்டத்துக்குப் பிறந்தவளல்லவா. அவள் போடவில்லை.  பிறகு ஆறுதலாக, சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னாள்: "அப்பா போனுக்கை இருக்கிறார், போன் வீட்டுக்கை இருக்கு, அப்ப நாங்கள் ஒண்டாத்தானே மிஸ் இருக்கிறம்?"

ஒரு கையெழுத்து

பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. காங்கேசன்துறைப் பக்கம் ஒரு தகப்பன். ஒரே வீட்டில் பதினாறு வயதில் மகன், பதினைந்து வயதில் மகள். மகனின் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வந்தது, மகளின் கடிதம் வெறுமையாக வந்தது. மறந்துபோனாராக்கும் என்று வீடு தேடிப் போனேன்.

மறக்கவில்லை. யோசித்துத்தான் செய்திருக்கிறார். கதிரை போட்டு, பிளேன்ரீ தந்து, முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்குக் கோப்பையைத் திருப்பி வைத்திருப்பேன். ஆனால் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தால், டொக்டரின் ஆய்வில் பாதியை அந்த மனுசன் ஒரே வசனத்தில் சொல்லி முடித்திருந்தார்: "பெடியனுக்குப் போடுறன், அவனுக்குக் கவலை இருந்தாலும் ஊரிலை ஒருத்தரும் கேக்க மாட்டினம், பெட்டைக்கு வேண்டாம், இல்லாட்டிலும் கேப்பினம்."

நாலு நிமிடம்

குருநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தரம் பத்து. பெட்டைகள் எழுதி எழுதி, இடம் காணாமல் ஓரத்திலும் எழுதி, இன்னும் தாள் இருக்கிறதா என்று கேட்டார்கள். பொடியன்கள் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். புரட்டிப் பார்த்தால் எல்லாம் "ஒருபோதும் இல்லை". கவலை இல்லை, பயம் இல்லை, நித்திரை குறையவில்லை, அழுகை வரவில்லை. இடையில் இன்னொரு கூத்து. பதின்மூன்றாம் நம்பர்ப் படிவம் கிடைத்தவன் அதைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, மேலதிகப் படிவம் ஒன்றை எடுத்திருந்தான். நல்ல காலம், கண்டுபிடித்துப் பட்டியலைத் திருத்தினேன். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளைகளுக்குப் பதின்மூன்று ஆகாது என்று என் குறிப்புப் புத்தகத்திலும் எழுதி வைத்தேன். சைவப் பிள்ளைகளுக்கு எது ஆகாது என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் நம்பரைக் கூட்டிப் பார்த்து, எட்டு வராது என்று நிச்சயப்படுத்தின பிறகு காசு கட்டச் சொன்னவள் நான்தான். அந்த எனக்கே தோன்றவில்லை.

படிவங்களை அடுக்கிக்கொண்டு, "என்ன தம்பிமார், நீங்கள் என்ன கல்லோ? ஒருநாளும் அழுகை வந்ததில்லையோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக்கூடாத கேள்வி, வாய் முந்திவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் என்னிடம் குறை எதுவும் சொல்லவில்லை, வீட்டு ஒழுங்கைச் சொன்னான்: "அப்பா கடலிலை நிக்கேக்கை அழக்கூடாதெண்டு அம்மா சொல்லுவா மிஸ், அவர் எப்பவும் கடலிலைதான் நிக்கிறார்."

இருபத்தாறு

இனி நான் சொல்ல வந்தது. வலிகாமத்தில் ஒரு தோட்டக் கிராமத்துப் பள்ளிக்கூடம், தரம் பத்து, முப்பத்திரண்டு பெட்டைகள். வரவு இடாப்பு வரிசைப்படி ஆளுக்கு ஆள் என் கையாலேயே படிவம் கொடுத்தேன். பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும் வாங்கி, ஆசிரியர் அறையில் இருந்து கடைசிக் கேள்வியை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இருபத்தாறாம் நம்பர்ப் படிவத்தில் கை நின்றது. கடைசிக் கேள்வி, கடைசிக் கட்டம். சரி விழுந்திருந்தது. அதுவும் கட்டத்தின் நடுவில் இல்லை, மூலையில், மற்ற ஒருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்த மாதிரிச் சின்னதாக. பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணித்தியாலம். டொக்டருக்குப் போன் அடித்தேன். உறையை உடைத்தேன். இருபத்தாறுக்கு நேரே அபிராமி என்றிருந்தது.

அபிராமி வலைப்பந்தாட்டத் தலைவி. டொக்டர் வந்து நூலகத்தில் இருத்திக் கதைத்தார். மூடிய கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிள்ளை மறைக்கிறது, எவ்வளவு கெட்டிக்காரி என்று நான் நினைத்தேன். ஒரு மணி இருபதுக்கு டொக்டர் கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார். அபிராமியின் முகத்தில் கவலை இல்லை, குற்றம் செய்து பிடிபட்ட முழிதான் இருந்தது. உங்கள் நம்பரில் ஒரு விசயம் இருந்தது, அதனால்தான் கூப்பிட்டோம் என்று டொக்டர் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அவள் டொக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் இருபத்தாறு இல்லை மிஸ், ரெண்டையும் ஆறையும் கூட்டினால் எட்டெல்லோ, சனியன்ரை நம்பர், நான் துஷியிட்டைக் குடுத்து மாத்திப்போட்டன்."

மணியடிக்கப் பத்து நிமிடம்

யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்துக்குப் பிறகு நான் ஓடியது அன்றைக்குத்தான். ஐம்பத்திரண்டு வயது, சேலை, ஒரு கையில் செருப்பு. பத்து நிமிடத்தில் மணியடித்தால் முப்பத்திரண்டு பெட்டைகளும் சைக்கிளில் ஏறி நாலு திசைக்கும் போய்விடுவார்கள். அதில் ஒருத்தி என்ன நினைப்போடு போகிறாள் என்பது உலகத்தில் அவளுக்கும் டொக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். துஷி யார் என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். அவ சிரித்துக்கொண்டு, ஒரு பிரச்சினையும் இல்லாத பிள்ளை என்றா. 

வகுப்பில் எல்லோரும் புத்தகப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு மணிக்கு நின்றார்கள். ஒருத்தி மட்டும் வகுப்பைக் கூட்டிக்கொண்டிருந்தாள், ஆசிரியை காட்டியது அவளைத்தான். ஒல்லியான பிள்ளை, இரட்டைப் பின்னல். அவளைக் காலையிலும் பார்த்திருக்கிறேன். படிவங்களைச் சேர்த்து அடுக்கி, மூலை தட்டி என் கையில் தந்தவள் அவள்தான். எவ்வளவு ஒழுங்கான பிள்ளை என்று மனதுக்குள் மெச்சினேன், மெச்சியதோடு மறந்துவிட்டேன். இன்றைக்கு உம்முடைய முறையோ என்று கேட்டேன். இல்லை, இன்னொருத்தியின் முறை, அவளுக்கு ரியூசனுக்கு நேரமாகிறது என்றாள். வரும் வழியில் ஆயிரம் வசனம் யோசித்து வைத்திருந்தேன். "ஏன் பிள்ளை இருபத்தாறை வாங்கினனீர்?" என்று மட்டும் கேட்டேன்.

ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று பயந்து தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தாள். அவள் சொன்னதை அந்தக் குரலோடு இன்றைக்கும் கேட்கிறேன்: "ஆரோ எடுக்கத்தானே மிஸ் வேணும், ஒருத்தருக்கும் வேண்டாததெண்டால் எனக்கு ஒண்டும் இல்லை, எனக்கு அது பழக்கம்."

கரைச்சல் தராத பிள்ளை

மணி அடித்தது, பள்ளிக்கூடம் வெறுமையாகியது, நூலகக் கதவு பூட்டியபடியே இருந்தது. இந்த முறை உள்ளே சிரிப்புச் சத்தம் இல்லை.  பிறகு அழுகைச் சத்தம் வந்தது. அழுகை கேட்டு இவ்வளவு நிம்மதிப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. அபிராமி வீட்டுக்குப் போகவில்லை. வாசல் படியில் என் பக்கத்தில் இருந்து நகத்தைக் கடித்துக்கொண்டு, "என்னாலையோ மிஸ், என்னாலையோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ மாற்றினதைச் சொன்னதால்தான் பிடிபட்டது பிள்ளை என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

தாய் தோட்டத்திலிருந்து அப்படியே சைக்கிளில் வந்தா, கையில் வெங்காய மணம். டொக்டர் இருத்தி வைத்து எல்லாம் சொன்னார். மகள் ஒவ்வொரு நாளும் என்ன நினைப்போடு எழும்புகிறாள் என்று சொன்னார். கிளினிக்குக்கு எப்போது வரவேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், தனியே விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினா. மூத்தவனுக்கு வேலை இல்லை, கடைக்குட்டிக்கு மூச்சு முட்டுகிற வருத்தம், அந்த இரண்டோடும்தான் அவவின் நாள் போகிறது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, டொக்டரிடம் அல்ல, நிலத்தைப் பார்த்துச் சொன்னா: "கரைச்சல் தாறதுகளைத்தான் நான் பாத்துக்கொண்டிருந்தனான், இவள் ஒரு கரைச்சலும் தரேல்லையெண்டு விட்டிட்டன்."

கணினியில் ஒரு வரிசை

அடுத்த கிழமை யூட் தகவல் ஏற்றினான். இருபத்தாறு வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பெண், வயது பதினைந்து. டொக்டரின் அட்டவணைப்படி அது மட்டும்தான் அவள் பக்கம் இருந்த ஒரே பாரம். மற்றப்படி தாய் உண்டு, தகப்பன் உண்டு, இருவரும் வீட்டில், சொந்தக் காணி, வரவு முழுமை, பெறுபேறு நல்லது. யூட் தலையைச் சொறிந்துகொண்டு, மற்றவர்கள் வேண்டாம் என்றதை வாங்குகிற பிள்ளை என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டான்.

எனக்கு அழுகை வந்தது. முப்பது வருடம் கட்டத்தை நம்பினவள் நான். பின்னால் வந்து நின்ற டொக்டர், அட்டவணை பொய் சொல்லவில்லை என்றார். பதினைந்து வயதுப் பெட்டைகளின் வகுப்புக்கு முதலில் போங்கள் என்று அதுதான் சொன்னது, அதனால்தான் அங்கே போனோம் என்றார். பிறகு என் தோளில் தட்டிச் சொன்னார்: "எந்த வகுப்பெண்டு அட்டவணை சொல்லும்; எந்த வாங்கெண்டு பிள்ளையள்தான் சொல்ல வேணும்."

இரண்டாம் சுற்று

எட்டு மாதம் கழித்து அதே வகுப்புக்கு இரண்டாம் முறை போனோம். துஷி கிளினிக்குக்கு ஒழுங்காக வருகிறாள் என்று டொக்டர் சொல்லியிருந்தார், அதற்கு மேல் நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அன்றைக்குத் துஷி என்னைக் கண்டு சின்னதாகச் சிரித்தாள், அவ்வளவுதான். இந்த முறை படிவம் கொடுக்க முதல், நம்பர் மாற்றக்கூடாது, மாற்றினால் எனக்கு நெஞ்சு வருத்தம் வரும் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். ஆனால் எட்டு வருகிற நம்பர்களை எடுத்துவிட மறந்துபோனேன். இடாப்பு வரிசைப்படி இருபத்தாறு மறுபடியும் அபிராமியின் கைக்கே போனது. நான் கடைசி வாங்குக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், அவள் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பழக்கதோசம், கை தன்பாட்டில் துஷியின் பக்கம் நீண்டுவிட்டது. நீட்டிய பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. 

துஷி அந்தப் படிவத்தைப் பார்த்தாள். அபிராமியைப் பார்த்தாள். காது சிவந்து போனது. எட்டு மாதத்துக்கு முன்பென்றால் ஒரு சொல்லும் இல்லாமல் வாங்கியிருப்பாள். இப்போது இரண்டு கையையும் மேசைக்குக் கீழே இறுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இல்லை அபி, எனக்கும் அது வேண்டாம்."

நான் ஓடிப்போய் மேலதிகப் படிவத்தில் ஒன்றை அபிராமிக்கு எடுத்துக் கொடுத்துப் பட்டியலையும் திருத்தினேன். அந்த இருபத்தாறு இன்றைக்கும் ஒரு சரியும் விழாமல் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, நான்கு வருடத்தில் நான் சேகரித்த தகவல்களில் ஆகத் திறமானது, கணினியில் ஏற்ற முடியாத அந்த வெறும் தாள்தான்.